பூச்சி தின்னும் செடிகள் – 9: மருத்துவர் பெயரில் ஒரு குடுவை

போன வாரம் மேகாலயாவின் நெப்பந்தஸோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் வட அமெரிக்கக் குடுவைச் செடியான சாரசீனியாவின் வகைப்பாடும் வளர்ப்பு ரகங்களும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாதியைத்தான் காப்பாற்றப் போகிறேன்.

கனடாவின் கியூபெக் சதுப்புகளில் பனிக்குள் உறைந்தும் சாகாத சாரசீனியா பர்பூரியாதான் நம் நாயகி. நெப்பந்தஸுக்கு இவள் உறவே இல்லை. நெப்பந்தஸ் முளைக்கீரை இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. இவளோ தேயிலை, இலுப்பை, மகிழம் இருக்கும் எரிகேலிஸ் வரிசை. வறிய மண் இரண்டுக்கும் ஒரே வயிற்றைக் கொடுத்திருக்கிறது.

பேர் வந்த கதைக்கு வருவோம். மிஷேல் சாராசன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கியூபெக்கிலிருந்து செடிகளைப் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் 1700இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடிக்குச் சாராசனின் பெயரையே வைத்தார். லின்னேயஸ் 1753இல் அதைச் சற்றே திருத்தி, இன்றைய இருசொல் பெயராக்கினார்.

அதே 1700 மே மாதம் சாராசன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மொன்றியலில் பிறந்த துறவி மரி பார்பியேவுக்கு மார்பில் புற்றுநோய். கியூபெக் நகரத்து மருத்துவமனையில் சாராசன் அந்த மார்பை அறுத்து அகற்றினார். ஈதர் மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வர இன்னும் 146 ஆண்டுகள் இருந்தன. நோய்க்குக் கிருமி காரணம் என்ற கோட்பாடு மருத்துவத்தில் இன்னும் வேரூன்றவில்லை. அந்தத் துறவி பிழைத்தார். பிழைத்ததோடு 39 ஆண்டுகள் வாழ்ந்து 1739இல் காலமானார். மருத்துவர் 1734இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்! தாவரவியல் நூல்கள் சாராசனை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு மனம் வரவில்லை.

மிச்ச இடத்தில் வகைப்பாடு. பர்பூரியாவுக்கு இரண்டு துணைச்சிற்றினங்கள்: வடக்கே வழவழப்பான, ஒடுங்கிய குடுவை கொண்ட பர்பூரியா, தெற்கே மயிரடர்ந்த, வாய் அகன்ற வெனோசா. மெக்சிகோ வளைகுடாக் கரையோரச் செடியை 1999இல் ரோசியா என்று தனிச் சிற்றினமாகவே பிரித்தார்கள், எல்லாரும் ஏற்கவில்லை. சிவப்பு நிறமியே இல்லாத பச்சைச் செடி 'ஹெட்டிரோஃபில்லா' வெறும் வடிவ வேறுபாடு, இனமல்ல.

மனிதர் தேர்ந்து பெருக்கிய 'ஜூடித் ஹிண்டில்', 'டானாஸ் டிலைட்' போன்ற ரகங்கள் அடுத்த வாரம். அதற்குள் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: நாற்றுப் பண்ணையில் வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள், சதுப்பிலிருந்து பிடுங்கியதைத் தொடாதீர்கள்.

(தொடரும்)