துரு செய்யும் தொண்டு

“அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?” தொலைபேசியில் அம்மா கேட்கும் முதற்கேள்வி இதுதான். கொல்கத்தாவுக்கு வந்த புதிதில், “தெளிவாகத்தான் இருக்கிறது, அம்மா” என்பேன். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று என்பதைப் பிறகுதான் கற்றேன்.

மேற்கு வங்கத்தில் குளத்து நீரால் வரும் வாந்திபேதிக்கு அஞ்சி மக்கள் குழாய்க் கிணறுகளை நாடினார்கள். அந்நீரில் கிருமிகள் குறைவு; ஆனால் பல இடங்களில் மண்ணடியிலிருந்து ஆர்சனிக் என்னும் நஞ்சு கரைந்து வந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் தோலில் புள்ளிகள் தோன்றின. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1980-களில்தான் காரணம் புலப்பட்டது. கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு போகாது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இதை நீக்கவல்லது எது தெரியுமா, நண்பர்களே? நாம் வெறுக்கும் துருதான்!

இரண்டு இரும்புத் தகடுகளை நீரில் நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், நேர்மின் தகட்டிலிருந்து இரும்பு கரைகிறது. நீரிலுள்ள ஆக்சிஜனோடு கூடித் துருவாகிறது. அத்துகள்களில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்கிறது. படிகாரம் சேர்த்தால் துரு அடியில் படியும், மேல்நீரை வடித்தெடுக்கலாம். 1 ஆம்பியர் மின்சாரம் 1 மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1 கிராம் இரும்பு கரையும் என்பது ஃபாரடேயின் விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு. ஆகவே, மருந்தை அளந்து கொடுப்பது போல இரும்பை அளந்து விடலாம்.

முதன்முறை நான் அவசரப்பட்டுப் பாதியிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். வடித்த நீர் பளிங்கு போலிருந்தது. பெருமையோடு சோதித்தேன், வரையறையைப் போல நான்கு மடங்கு நஞ்சு மிச்சமிருந்தது!

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில், தப்தபி ஊரின் உயர்நிலைப் பள்ளியில், நாளொன்றுக்கு 10,000 லிட்டர் தரவல்ல நிலையம் 2016-இல் அமைந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த முயற்சி அது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மின்சாரம் நஞ்சை அழிப்பதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கு மாற்றுகிறது. அந்தச் சேற்றைக் குளக்கரையில் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். அதைப் பத்திரமாக அப்புறப்படுத்தவும், தேய்ந்த தகட்டை மாற்றவும், நீரை அடிக்கடி சோதிக்கவும் பொறுப்புள்ள ஆள் வேண்டும்.

இப்போது அம்மா கேட்டால் என் பதில் வேறு: “சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன், அம்மா!”