தகரக் கூரைக்குக் கீழே ஒலிப்பதிவு: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய இன்று கொழும்புக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இரண்டையும் இணைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி, ஒரு ஹெட்போன். இவ்வளவு இருந்தால் வேலை தொடங்கிவிடும். மைக்குக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட, ஹெட்போனை மட்டும் மிஞ்சிய காசில்தான் வாங்குகிறார்கள். மலையக வீடுகளைப் பொறுத்தவரை இது தவறான கணக்கு.

காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. லயங்கள் என்ற பழைய வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பொதுச் சுவர், மேலே தகரம். இந்த அளவு அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸிங் செய்தால், சுமார் 47 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் உள்ள தாழ்ந்த ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதி, அறையின் ஒரு மூலையில் வீங்கியும் நடுவில் காணாமல் போயும் கேட்கும். உறுமியின் அடியொலி போதுமா, அதிகமா என்பதை அங்கே உட்கார்ந்து யாராலும் தீர்மானிக்க முடியாது. போதாக்குறைக்கு, விடிந்தால் மலைக்குப் போக வேண்டியவர்கள் பக்கத்துக் காம்பிராவில் தூங்குகிறார்கள். ஆகவே இங்கே ஸ்பீக்கருக்கு முன்பு வாங்க வேண்டியது நல்ல ஹெட்போன். அதிலும் பின்புறம் மூடியது.

ஸ்டூடியோ ஹெட்போன்களில் பொதுவாக இரண்டு வகை. திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோல் இருக்கும். காற்றும் ஒலியும் தாராளமாக உள்ளே போய் வரும். கேட்க இயல்பாக இருக்கும் என்பதால் மிக்ஸிங் செய்பவர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். மூடிய வகையில் கிண்ணம் முழுக்க அடைபட்டு, குஷன் காதைச் சுற்றி அமர்ந்துகொள்ளும். உள்ளே ஒலிப்பது வெளியே அதிகம் கசியாது, வெளியே கேட்பது உள்ளே குறைந்தே வரும். அடைபட்ட காற்றினால் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி சற்று உப்பலாகக் கேட்பது இதன் குறை.

பாடகர் வாயருகே மைக் இருக்கும்போது இந்தக் கசிவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தாளம் பிசகாமல் பாட அவர் காதில் ‘டிக், டிக்’ என்று ஒரு தாள ஒலி ஓடிக்கொண்டிருக்கும். திறந்த ஹெட்போனில் அது வெளியேறி மைக்குக்குள் போய்விடும். பின்னணி இசை முழங்கிக்கொண்டிருக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. கடைசி வரியில் வாத்தியங்கள் ஓய்ந்து குரல் மட்டும் மெல்ல அடங்கும் இடத்தில் அந்த ‘டிக்’ தெளிவாகக் கேட்கும். குரலோடு ஒட்டியதை எந்த மென்பொருளாலும் முழுசாகப் பிரிப்பது கடினம். சிலர் தங்கள் குரலை நேரடியாகக் கேட்க ஒரு பக்கத்துக் கிண்ணத்தை விலக்கிக்கொண்டு பாடுவார்கள். அப்போது அந்தப் பக்கத்து ஒலியை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடிய ஹெட்போன் வாங்கியதே வீண்.

மூடிய ஹெட்போன் காதுக்குத்தான் மூடி. தகரத்தில் விழும் மழை மைக்குக்குள் போவதை அது தடுக்காது. பதுளையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மழை குறைவென்றாலும், ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைத் தரும் அந்த வறண்ட காற்று மைக்கில் ‘புஸ்’ஸென்று மோதும். மைக்குக்கு ஒரு பஞ்சுறை போட்டு, காற்று ஓய்ந்த வேளையாகப் பார்த்துப் பதிவு செய்வதே வழி.

தப்பு மேளத்தைப் பதிவு செய்ய இன்னும் கவனம் வேண்டும். பதிவு செய்பவர் அடிப்பவருக்கு அருகிலேயே நின்றால், எந்த மூடிய ஹெட்போனும் அந்த ஓசையை முழுதாக நிறுத்தாது. சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபெல் வரை வெளியொலியைக் குறைக்கும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். ஆனால் குஷன்கள் நன்றாகத் தடுப்பது உச்ச ஒலிகளை. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு புகுந்துவிடும். மைக் வழியாக வருவது எது, நேராக வருவது எது என்று பிரித்தறிய முடியாது. அரை நிமிடம் அடிக்கச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, பதிந்ததைப் போட்டுக் கேட்டு, அதன் பிறகு மைக்கின் இடத்தை மாற்றுவதுதான் சரி.

எதை வாங்குவது? உலகெங்கும் ஸ்டூடியோக்களிலும் வானொலி நிலையங்களிலும் அதிகம் புழங்குபவற்றில் ஒன்று 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506. லேசானது. உச்ச ஒலிகளைத் தூக்கிக் காட்டும். அதனால் உதட்டுச் சத்தம், ‘ஸ’கரச் சீறல், கேபிள் கரகரப்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். பதிவுக்கு இது பெரிய உதவி. மிக்ஸிங்கில் இதை மட்டும் நம்பி உச்ச ஒலிகளைக் குறைத்தால் பாட்டு மங்கிவிடும். ஓடியோ-டெக்னிகா எம்50எக்ஸில் பாஸ் சற்றுத் தூக்கல், கேபிளைக் கழற்றி மாற்றலாம். அதே வரிசையின் எம்20எக்ஸ், எம்40எக்ஸ் இரண்டும் விலை குறைந்தவை. ஜெர்மனியின் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ துணிபோன்ற மென்மையான குஷனோடு வருவதால் மணிக்கணக்காகப் போட்டிருக்கலாம். அதன் பாகங்கள் பலவற்றைத் தனித்தனியாக வாங்கி மாற்றவும் முடியும். நகரத்திலிருந்து பல கட்டை தள்ளி இருப்பவருக்கு இதுதான் முதல் தகுதி. தோல்போன்ற குஷன் உரிந்து காதோடு பொருந்தாமல் போனால் பாஸ் ஓடிவிடும், கசிவும் தொடங்கிவிடும்.

டிடி 770 வாங்குபவர் பெட்டியில் எழுதியிருக்கும் ஓம் அளவையும் பார்க்க வேண்டும். 32, 80, 250 ஓம் என்று அது வருகிறது. 250 ஓம் வகையைக் கைபேசியில் செருகினால் ஒலி சோர்ந்து கேட்கும். சிறிய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு 80 ஓம் போதும். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பொருள்களின் விலை எங்கேயோ போய்விட்டது, போலிகளும் புழங்குகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கும் சோனியையும் எம்50எக்ஸையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மிக்ஸிங்கையும் மூடிய ஹெட்போனிலேயே செய்யலாம், அதன் பொய்களைத் தெரிந்து வைத்திருந்தால். ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக்காதுக்கும் எட்டும்; ஹெட்போனில் எட்டாது. அதனால் இடம் வலம் என்ற பிரிப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை கேட்டால் குட்டு வெளிப்படும். நன்கு தெரிந்த ஒரு பாட்டை அதே ஹெட்போனில் கேட்டு ஒப்பிட வேண்டும். பிறகு கைபேசியிலும், முடிந்தால் கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கூம்பில் பாஸ் அநேகமாக வராது. அங்கேயும் சொல் புரிந்தால் குரல் சரியான அளவில் இருக்கிறது என்று அர்த்தம். ஒலியளவு எப்போதும் மிதமாகவே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம். ஒலி கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறைந்துவிடும்.

மலையகத்தில் இந்தப் பதிவு வேலைக்கு ஓர் அவசரம் இருக்கிறது. தோட்ட மக்களின் தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாட்டு எல்லாம் வாய்வழியாகவே வந்தவை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அலைந்து திரட்டியதால் அவற்றில் ஒரு பகுதி நூலாகி நிற்கிறது. ஆனால் அச்சில் சொல் மட்டும்தான் நிற்கும். இழுவையும் விம்மலும் மூச்செடுக்கும் இடமும் பாடுபவரோடு போய்விடும். மாசியில் தொடங்கும் காமன் கூத்தின் பாட்டும் தப்படியும் அப்படித்தான்.

மூத்தவர்களைப் பதிவு செய்யும்போது அவர்கள் தலையில் ஹெட்போனை மாட்டவே வேண்டாம். கிண்ணம் தோட்டை அழுத்தும், பட்டை கொண்டையில் வழுக்கும், தன் குரல் காதுக்குள் கேட்டதும் பாட்டி பாடுவதை நிறுத்திவிடுவார். பதிவு செய்பவர் மட்டும் மாட்டிக்கொண்டு, “அம்மாயி, நீங்க பாட்டுக்குப் பாடுங்க” என்று சொல்லிவிட்டுக் கேட்டால் போதும். பின்னணியில் நாய் குரைத்தாலும் ரேடியோ ஓடினாலும் உடனே தெரியும்.

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் தங்களுக்குப் பழகிய ஒரு பாட்டைக் கைபேசியில் எடுத்துப் போய், கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியோடே மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். மாற்றுக் குஷன் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உங்கள் தோட்டத்தின் மூத்த பாடகரிடம் போங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் திகதியையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.