மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா?

பெங்களூரு, சேலம் பக்கமிருந்து கொடைக்கானலுக்குப் போகிற கார்கள் நான்குவழிச் சாலையில் வேடசந்தூரைத் தாண்டித்தான் போகின்றன. அதற்குக் கிழக்கே கொஞ்சத் தூரத்தில் எரியோடு. ஊரும் மலையும் ஒரே மாவட்டம்தான். ஆனால் மலைக்குப் போகிற காசு இங்கே இறங்குவதில்லை. இந்த வட்டாரத்துப் பிழைப்பு நூல் மில்லும் தோட்டக்காடும். சுற்றுலாவுக்கு அரசு கோடிகளைக் கொட்டினால் சுற்றுவட்டாரமே செழிக்கும் என்று யாராவது சொன்னால், எரியோட்டுக்காரருக்குச் சந்தேகம் வருவது நியாயம்.

அதற்காக எல்லாக் கட்டுமானமும் வீண் என்றில்லை. கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்துக்கு 37 கோடி ரூபாய் ஆனது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். விவேகானந்தர் பாறைவரை வந்தவர்கள், பக்கத்திலேயே நிற்கும் 133 அடி வள்ளுவரைப் பார்க்கவும் படகையே நம்பியிருந்தார்கள். கடல் உள்வாங்கினால் சிலைக்குப் படகு கிடையாது. கண்ணாடித் தரை கூட்டம் சேர்க்கிற சங்கதி; எனக்கு அதில் பெரிய மயக்கமில்லை. ஆனால் 2000-இல் திறந்த சிலைக்கு நடந்துபோக ஒரு வழி பிறந்ததே, அது உருப்படியான வேலை.

கொடைக்கானலின் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஆள் வருவதற்குத் தடையில்லை, வந்தவர்களைத் தாங்கத்தான் இடமில்லை. 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து அமைத்த ஏரிதான் இன்றைக்கும் ஊருக்குச் சோறு போடுகிறது. மே மாதத்தில் அங்கே காற்று வாங்கப் போனவர் ஏரிச் சாலையில் வண்டிப் புகையைத்தான் வாங்குகிறார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்கு, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் உச்சவரம்பும் விதித்தது. அரசு பஸ்ஸுக்கு அந்த வரம்பு இல்லை.

விஷயம் இந்த விலக்கில்தான் இருக்கிறது. பழனியிலிருந்து கொடைக்கு ரோப்கார் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அது நிரம்பி வழிகிற ஊரில் இன்னும் கொஞ்சம் பேரைக் கொண்டுபோய் இறக்கும், அவ்வளவுதான். அதைவிட, மலை ஏறுமுன் வத்தலக்குண்டில் பெரிய வாகன நிறுத்துமிடம், சுத்தமான கழிப்பறை, கால்மணிக்கு ஒரு மலைப் பஸ் என்று செலவழித்தால் பத்துப் பன்னிரண்டு காரில் போகிறவர்கள் ஒரே பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கீழேயே சாப்பிடுவார்கள், பழம் வாங்குவார்கள், சிலர் ராத்தங்குவார்கள். டிரைவர், கண்டக்டர், கடைப்பையன் என்று சமவெளி ஆட்களுக்கும் வேலை வரும். திறப்பு விழாவில் படம் பிடிக்க ஒரு பஸ் நிலையம் கண்ணாடிப் பாலம்போல எடுப்பாக இருக்காது. இந்த யோசனைக்குள்ள ஒரே குறை அதுதான்.