நெஞ்சு படபடத்தால் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தேக்காவுக்குச் சாமான் வாங்க வந்த ஊழியர் ஒருவர், கையில் பையோடு என் மருந்தகத்துக்குள் நுழைந்தார். காதில் இயர்போன்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். மூணு மாசமா. பாட்டுக் கேட்டா கொஞ்சம் அடங்கும்."

நாடி 112. இப்படி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிறவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

ராகம் மாத்திரை அல்ல

ஆனந்தபைரவி ராகம் கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இத்தாலிய ஆய்வாளர்கள் 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுக்காட்டி, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இந்திய ராக இசையும் அதில் இருந்தது. இசையின் வகையைவிட வேகம்தான் உடலைப் பாதித்தது. தாளம் விரைந்தால் மூச்சும் துடிப்பும் விரைந்தன. நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் துடிப்பு நன்றாகத் தணிந்தது. படபடப்புக்குக் குத்துப்பாட்டு கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்பா இறந்த வருடம் எனக்கும் இரவுகளில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாட்டுக் கேட்டதைவிட, மெல்ல முனகியதுதான் உதவியது. முனகும்போது வெளிமூச்சு நீளும், நாடி இறங்கும். ஆனாலும் நான் இன்னொரு மருத்துவரிடம் போனேன்.

இசை சிகிச்சை என்பது பாட்டுப் பட்டியல் அன்று. பயிற்சி பெற்றவர் உங்களோடு உட்கார்ந்து, பாடவைத்து, தாளம் போடவைத்து, அடைபட்ட துக்கத்தைப் பேசவைப்பது. மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தால் பலன் உண்டு.

அடுத்தவர் மாத்திரை

இயர்போனோடு வந்த தம்பி சட்டைப்பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். புரோப்ரானலால். அறைத்தோழர் ஊரிலிருந்து கொண்டுவந்ததாம். இவருக்கோ ஆஸ்துமா! இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே உலைவைக்கலாம். "அவருக்குக் கேட்டுச்சே டாக்டர்" என்கிறார். அவருக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்க வேண்டுமா? படபடப்பை வாயு என்று எண்ணிச் சோடா குடிப்பதும், அலுப்புத் தீர எனர்ஜி டிரிங்க் குடிப்பதும் இதே போன்ற சுயவைத்தியம்தான்.

இசிஜி, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் எடுத்தோம்.

தள்ளிப்போடாதீர்கள்

அவருக்கு இதயத்தில் கோளாறு இல்லை. ஊர்க்கடனும் தூங்காத இரவுகளும்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தன. அதற்கும் மருத்துவம் உண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் அவசர ஊர்திக்கு 995ஐ அழையுங்கள். மனம் தாளவில்லையென்றால் மனநல உதவி எண் 1771ஐ அழையுங்கள், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். பாட்டுக் கேளுங்கள், பாடுங்கள். படபடப்பு மறுபடி மறுபடி வந்தால் அந்த வாரமே வந்து காட்டுங்கள். மூன்று மாதம் ஆக்காதீர்கள்.