ரிமோட் வேலை செய்யலையா? கடைக்குப் போகும் முன் நாமே பார்ப்போம்



நம் வீட்டுச் சாமான்களில் அதிகமாக அடி வாங்குவது எது? டிவி ரிமோட்தான். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நம்மில் பல பேர் வீட்டுக்கு முதல் ரிமோட் வந்தது. இப்போது டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சில வீடுகளில் மின்விசிறிக்கும் ஒன்று. பட்டன் மசியலைன்னா உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டுகிறோம். அதுக்கும் கேட்கலைன்னா சந்தையில் புதுசு வாங்குகிறோம். நாம் பார்த்த வரையில், தூக்கிப் போட்ட ரிமோட்டுகளில் பாதிக்கு மேல் அழுக்கும் பேட்டரிக் கசிவும்தான் கோளாறு. சந்தாவுக்கு எடுத்து வைத்த காசை அதுக்காகக் கரைக்க வேண்டியதில்லை.

முதலில் கோளாறு ரிமோட்டிலா, டிவியிலா என்று தெரியணும். ரிமோட்டின் மூக்கில் ஒரு சின்ன பல்பு இருக்கும். அதிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்போன் கேமராவுக்குத் தெரியும். கேமராவைத் திறந்து, பல்பை அதற்கு நேராகக் காட்டி, பட்டனை அமுக்கிப் பாருங்கள். திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ மினுக்கும். சில போன்களின் பின்கேமராவில் தெரியாது. அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள். (வாயால் பேசி இயக்கும் புது ரிமோட்டுகள் சிலவற்றில் பல பட்டன்கள் புளூடூத்தில் வேலை செய்யும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

எல்லாப் பட்டனுக்கும் மினுக்கினால் ரிமோட்டிலிருந்து ஒளி வருகிறது என்று அர்த்தம். டிவியின் முன்பக்கம் உள்ள சின்னக் கறுப்புக் கண்ணைத் துடையுங்கள். பூமாலை, பொம்மை மறைத்திருந்தால் நகர்த்துங்கள். அப்பவும் இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிவியை மட்டும் நாம் திறக்கவே கூடாது. பழைய குண்டு டிவிக்குள் பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு மின்சாரம் நிற்கும். ரிமோட்டுக்குள் இருப்பது இரண்டு பேட்டரியின் 3 வோல்ட்தான். அதனால் பயப்பட வேண்டாம்.

எந்தப் பட்டனுக்குமே மினுக்கவில்லையா? பேட்டரி மூடியைத் திறங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது கசிவு. கையால் தொடாமல் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கையும் தகட்டையும் பளிச்சென்று தேயுங்கள். இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பழசு சீக்கிரம் கசியும்.

சில பட்டன் மட்டும் வேலை செய்யலைன்னா விஷயம் உள்ளே இருக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் குழிக்குள்ளும் ஸ்டிக்கருக்கு அடியிலும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். திருகைக் கழற்றிய பிறகு, இரண்டு ஓட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெல்ல நெம்பினால் கொக்கி விடும். கத்தி வேண்டாம், கையைக் கிழிக்கும்.

உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு, அதன் கீழ் ஒரு பச்சை அல்லது பழுப்புப் பலகை. ஒவ்வொரு ரப்பர் பட்டனின் அடியிலும் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். அது கரிப்பூச்சு. பட்டனை அமுக்கும்போது அந்தப் பொட்டு பலகையில் உள்ள இரண்டு கோடுகளைத் தொட்டு இணைக்கும். ஸ்விட்ச் என்பது அவ்வளவுதான். எண்ணெய்க்கையும் பலகாரத் தூளும் நடுவில் படிந்தால் இணைப்பு அறுந்துபோகும். எந்தப் பட்டனில் அழுக்கு அதிகம் என்று பாருங்கள், வீட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்!

ரப்பரை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பலகையைத் தண்ணீரில் போடக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். கறுப்புப் பொட்டில் பிளேடோ உப்புத்தாளோ படக் கூடாது. கரி போய்விட்டால் பட்டன் செத்தது.

ஏற்கனவே கரி தேய்ந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. சாக்லேட் சுற்றும் வெள்ளித்தாளில் பொட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஒரு துளி பசையால் பொட்டின் மேல் ஒட்டுங்கள். மினுமினுக்கும் உலோகப் பக்கம் வெளியே தெரியணும். பசை வழியக் கூடாது. ஒரு ராத்திரி உலரவிட்டுப் பூட்டினால் பட்டன் மறுபடி பேசும்.

கீழே விழுந்த ரிமோட் என்றால் மூக்கில் உள்ள பல்பின் கால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பற்றவைப்பு விட்டிருக்கிறது, அதைக் கடையில் வைத்துத்தான் ஆகணும்.

சந்தையில் வாங்கும், எல்லா டிவிக்கும் பொருந்தும் ரிமோட்டுகளில் சில, பேட்டரி மாற்றினதும் நம் டிவியின் எண்ணை மறந்துவிடும். அது பழுது இல்லை. கூட வந்த தாளில் உள்ளபடி எண்ணைத் திரும்பப் பதிய வேண்டும். அந்தத் தாளைத் தொலைப்பதுதான் வழக்கம், அதனால் எண்ணைப் பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஸ்பீக்கர், அலங்கார விளக்குகளுக்கு வரும் தட்டையான சின்ன ரிமோட்டில் காசு மாதிரி வட்டப் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கிவிடும். உயிரே போகலாம். வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். மூடி தளர்ந்த ரிமோட்டைச் சரிசெய்யும் வரை பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தீர்ந்த பேட்டரியையும் அப்படித்தான்; அடுப்பில் போட்டால் வெடிக்கும்.