கடலடி அணுக்கழிவுக் கசிவு முன்கணிப்பு

கடலடி அணுக்கழிவுக் கசிவு முன்கணிப்பு என்பது, கடலில் கொட்டப்பட்ட அணுக்கழிவிலிருந்து கதிரியக்கப் பொருட்கள் எப்பொழுது, எவ்வளவு வெளியேறும் எனக் கணக்கிடும் முறை ஆகும். 1946 முதல் பல நாடுகள் இவ்வாறு கழிவைக் கொட்டின. 1993இல் இலண்டன் உடன்படிக்கையின் கீழ் இது முற்றாகத் தடை செய்யப்பட்டது.

கணிப்பு கலனின் சுவரிலிருந்து தொடங்குகிறது. உப்புநீரில் எஃகு ஆண்டுதோறும் எவ்வளவு அரிக்கப்படும் என்பதைக் கொண்டு அது துளைபடும் காலம் மதிப்பிடப்படுகிறது. சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். சுவர் 300 ஆண்டுகள் தாங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். புளூட்டோனியம்-239க்கு (24,100 ஆண்டுகள்) இந்த நம்பிக்கை பொருந்தாது. ஆயினும் அது பெரும்பாலும் வண்டலில் ஒட்டிக்கொள்ளும். சீசியமோ நீரோடு செல்லும்.

அரிப்பு எங்கும் ஒரே சீராக நடப்பதில்லை. ஒரு பற்றவைப்பு முன்னரே விட்டுப்போனால் கணக்குப் பொய்த்துவிடும். 1982இல் காரா கடலில், எரிபொருள் அகற்றப்படாமலே, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் மூழ்கடிக்கப்பட்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் கே-27 இன்றும் கவலை தருவது இதனாலேயே.

கல்பாக்கத்தில் நிலை வேறு. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் குறைந்த கதிரியக்கமுள்ள நீர்மக் கழிவு, குளிர்விப்பு நீருடன் கலக்கப்பட்டு வங்காள விரிகுடாவில் விடப்பட்டு வந்துள்ளது. இங்குக் கலன் இல்லை. கணிப்பு முழுவதும் நீரோட்டத்தைப் பற்றியதே. கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் செல்வதால், மீனையும் மணலையும் எங்கே எடுத்துச் சோதிப்பது என்பதும் பருவத்துக்கேற்ப மாறும்.