க்ளட்சுக்கும் சேர்த்துத்தான் ஆயில்

பைக்குக்கு ஆயில் வாங்கப் போனால் பேச்சு 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்ற எண்களிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கியர் பைக் வைத்திருப்பவர் அதற்கும் முன்னால் தேட வேண்டியது டப்பாவின் பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற குறியை. கியர் காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். க்ளட்ச் பெரும்பாலும் ஆயிலே படாமல் காய்ந்திருக்கும். பைக்குகளில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன், கியர் பற்கள், க்ளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். க்ளட்சைப் பிரித்துப் பார்த்தால் உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். அடுக்கு முழுக்க ஆயிலில் நனைந்திருக்கும். அந்த நனைந்த தகடுகள் ஒன்றையொன்று பற்றினால்தான் இன்ஜினின் இழுவை சக்கரம் வரை போகும். ஆக, பிஸ்டனிடம் வழுக்க வேண்டிய ஆயில் க்ளட்சிடம் வழுக்கிவிடக் கூடாது.

பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்ற சேர்மானங்கள் கூடியபோது இது சிக்கலாயிற்று. ஜப்பானியர்கள் 1998இல் பைக் ஆயிலுக்கென்றே ஜாசோ டி903 தரத்தை வகுத்தார்கள். ஆயிலில் ஊறிய க்ளட்ச் தகடுகளைச் சுழற்றி, பற்றுதலை அளந்து, பற்று கூடியதை எம்ஏ என்றும் குறைந்ததை எம்பி என்றும் பிரித்தார்கள். ஸ்ப்ளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் 10டபிள்யூ-30தான். ஆனால் முன்னதற்கு எம்ஏ, பின்னதற்கு எம்பி. ஸ்கூட்டரின் க்ளட்ச் ஆயிலில் நனைவதில்லை. எண் ஒன்றாக இருந்தும் ஆயில் வேறாவது இதனால்தான். கார் ஆயிலில் ஏபிஐ எஸ்என் என்று அமெரிக்கத் தரக்குறி போட்டிருக்கிறதே, அது உசத்திதானே என்று கேட்கலாம். இன்ஜினுக்கு உசத்திதான், ஆனால் அந்தத் தரத்தில் நனைந்த க்ளட்சுக்குச் சோதனையே கிடையாது. தகடு வழுக்கினால் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. சிந்தெடிக் ஆயில் ஊற்றினாலே க்ளட்ச் வழுக்கும் என்று சொல்வதும் சரியல்ல. வழுக்க வைப்பது சேர்மானம். எம்ஏ வகையிலேயே பற்று கூடுதலான எம்ஏ2 குறி பெற்ற முழு சிந்தெடிக் ஆயில்கள் எத்தனையோ உண்டு.

இனி எண்ணுக்கு வருவோம். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில்தானே தாங்கும் என்ற வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. காற்றில் குளிரும் இன்ஜின் நெரிசலில் நகராமல் நின்றால் சூடு ஏறத்தான் செய்யும். ஆனால் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணே 100 டிகிரிச் சூட்டில் அளந்ததுதான். இன்ஜினின் இடைவெளிகளையும் ஆயில் பம்பையும் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர் அதைக் குறிக்கிறார். தேவைக்கு மேல் கெட்டியானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே இருக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேட்டில் இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் வெயிலுக்குப் பெரியதை எடுப்பது நியாயம். இல்லாத எண்ணை நாமாகக் கூட்டுவது நியாயமில்லை. அதோடு, ஆயிலின் கெட்டித்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகளைக் கியர் பற்கள் ஓயாமல் நசுக்கி அறுக்கின்றன. டப்பாவில் 50 என்று இருந்தாலும் மாற்றும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் ஆயில் இளகிவிடும்.